கொக்கின் கால் நிறம் வரைக்கும்: உ.வே.சா. குறுந்தொகையை வாங்கலாமா?

உ.வே.சாமிநாதையர் எண்பதைத் தாண்டிய வயதில், 1937இல், தம் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் மறுபதிப்பு இது. கெட்டி அட்டை, டெம்மி சைஸ், 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாள். நான் வாங்கியபோது 600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே விலை. புத்தகக் கண்காட்சித் தள்ளுபடியில் வாங்கினேன். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் இதைப் போட்டிருக்கின்றன. என்னிடம் இருப்பது யாருடையது என்று சொல்லப்போவதில்லை. பின்னால் பைண்டிங்கைத் திட்டப்போகிறேன். அதே ஆட்களிடம் நாளைக்கு வேலை கேட்டுப் போகவேண்டி வரலாம்.

புதுக்கோட்டையில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பில் புக், அப்புறம் கவிதைத் தொகுப்பு. கடைசியில் சொன்னது வருமானத்தில் கடைசி, நேரத்தை எடுப்பதில் முதல். சொந்தக் காசில் புத்தகம் போட வருகிறவர்கள் தாள் விலையைக் கேட்பதற்கு முன்னால், "அண்ணே, கவிதை எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. இலக்கணப் புத்தகம் யாப்பைச் சொல்லும், கவிதையைச் சொல்லாது. பட்டறைக் கட்டணம் கட்டிக் கேட்டதில் 'உணர்ந்து எழுதுங்கள்' என்றார்கள். உணராமல் எழுதுகிறேன் என்று இதுவரை எந்தக் கவிஞரும் என்னிடம் வந்ததில்லை. ஆகவே இந்தப் புத்தகத்தை வேலைக்குப் பயன்படும் சாமானாகத்தான் வாங்கினேன். மதிப்புரையும் அந்தக் கணக்கில்தான்.

என்னிடம் வரும் கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெட்டுப்போயிருக்கும். ஒரு வகை முழுக்கக் கற்பனை. நிலா இறங்கி வரும், வானவில் வளையலாகும், காதலியின் சிரிப்பில் ஏழு கடலும் பொங்கும். எந்தக் கடல் என்று கேட்டால் தெரியாது. இன்னொரு வகை முழுக்க நிஜம். பணி ஓய்வு பெற்ற ஒருவர் ரேஷன் வரிசை, பேருந்து நெரிசல், குடிநீர்க் குழாய் என்று நாற்பது கவிதை கொண்டுவந்தார். ஒன்றில்கூடப் பொய் இல்லை. படித்து முடித்ததும் இதை மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. முதல் ஆளிடம் 'கொஞ்சம் தரைக்கு வாங்க' என்றும், இரண்டாம் ஆளிடம் 'கொஞ்சம் கற்பனை சேருங்க' என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்லியும் பார்த்தாயிற்று. முதல் ஆள் நிலாவோடு ஒரு டீக்கடையைச் சேர்த்துக் கொண்டுவந்தார். இரண்டாம் ஆள் ரேஷன் வரிசைக்கு மேலே ஒரு வானவில்லை மாட்டிவிட்டார். அளவு பார்த்துக் கலக்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணமே கோளாறு என்று அப்போதுதான் பட்டது.

குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு. குறைந்தது நான்கு அடி, அதிகம் எட்டு அடி. 307ஆம் பாட்டும் 391ஆம் பாட்டும் மட்டும் ஒன்பது அடி. பாட்டில் வருகிற யாருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, தலைவியை வளர்த்த செவிலி, அவ்வளவுதான். காதலைப் பாடுகிற அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே விதித்திருக்கிறது. இன்ன சந்தர்ப்பத்தில் இன்னார் பேசுவார் என்று மேடையும் முன்பே போட்டாயிற்று. அதாவது ஆளும் கற்பனை, சந்தர்ப்பமும் கற்பனை. இதைத்தான் தொல்காப்பியர் 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்' என்று தொடங்குகிற நூற்பாவில் சொல்கிறார். சுவையானதையெல்லாம் ஒரே இடத்தில் நடந்ததாகத் தொகுத்துச் சொல்வது நாடக வழக்கு, உலகத்தார் நடப்போடு ஒத்துப்போவது உலகியல் வழக்கு என்பது பழைய உரையாசிரியர் இளம்பூரணர் விளக்கம். ஆள் பொய், சந்தர்ப்பம் பொய். அப்படியானால் உலகியல் எங்கே இருக்கிறது? என் பதில்: கொக்கின் காலில் இருக்கிறது.

25ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாடியது. அவன் என்னைச் சேர்ந்தபோது அங்கே வேறு யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் ஒரு பெண். அப்புறம் நினைவு வந்தவளாகச் சேர்க்கிறாள்:

தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு, அதாவது கொக்கு, ஒன்று இருந்ததாம். அதன் கால் எப்படி? தினைத் தாள் போல, சிறுத்து, பச்சையாக.

இப்போது 325க்குப் போங்கள். நன்னாகையார் பாடியது. போகிறேன் போகிறேன் என்று அவன் சொன்னபோதெல்லாம், வழக்கமான பொய்ப் பயணம்தானே என்று நினைத்து, 'ஒரேயடியாகப் போய்த் தொலை' என்றாளாம் இவள். அவன் நிஜமாகவே போய்விட்டான். இப்போது அழுகிறாள்:

கருங்கால் வெண்குருகு மேயும்
பெருங்குளம் ஆயிற்றுஎன் இடைமுலை நிறைந்தே

இங்கேயும் குருகுதான். கால் மட்டும் கறுப்பு.

எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாய்க்குப் பஞ்சமில்லை. கரையில் போய் நின்றால் இரண்டையும் பார்க்கலாம். மடையான், குருட்டுக் கொக்கு என்றெல்லாம் சொல்கிறோமே, உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளை இறக்கையைக் காட்டுமே, அதன் கால் மங்கலான பச்சையும் மஞ்சளும். தண்ணீரோரம் அசையாமல் நின்று ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருக்கும். முழு வெள்ளையாக இருக்கிற சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது ஆழமில்லாத தண்ணீரில் நடந்து மேயும். கபிலரின் பச்சைக்கால் குருகு 'பார்க்கும்' என்று வருகிறது. நன்னாகையாரின் கருங்கால் வெண்குருகு 'மேயும்' என்று வருகிறது. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள், குருகு. ஆனால் காலின் நிறமும் செய்கிற வேலையும் ஒன்றுக்கொன்று மாறிப்போகவில்லை.

இதில் பறவை நூல் பாண்டித்தியத்தைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. கபிலர் பாட்டில் அந்தக் கொக்குதான் ஒரே சாட்சி. அதன் கண்ணோ ஆரல் மீன் மேலே. கூப்பிட்டாலும் சாட்சி சொல்லாது. பேச்சு வராது என்பது ஒருபுறம், அது இவர்களைப் பார்க்கவே இல்லை என்பது இன்னொருபுறம். அதன் காலை இவள் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறாள் பாருங்கள். அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டு, வெட்கத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணுக்குத்தான் கொக்கின் கால் அத்தனை தெளிவாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உரையில் இப்படி இல்லை, இது என் சரக்கு. கொக்கின் கால் சரியாக இருப்பதால் அந்தப் பெண்ணை நம்புகிறோம். பெண்ணோ முழுக் கற்பனை.

நன்னாகையார் பாட்டு இன்னும் துணிச்சல். அழுத கண்ணீர் மார்புக்கு நடுவே நிறைந்து பெரிய குளமாயிற்று என்பது பச்சைப் புளுகு. இதே புளுகை என் வாடிக்கையாளர் ஒருவர், கல்லூரிப் பையன், 'உன் பிரிவில் என் கண்ணீர் கடலானது' என்று எழுதிக் கொண்டுவந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "அண்ணே, அப்ப ஒரு கொக்கைப் போட்டுட்டா சரியாயிடுமா?" என்றார். நியாயமான கேள்வி. ஆகாது. கடலை இவர் பார்க்கவில்லை, வார்த்தையைத்தான் பார்த்தார். நன்னாகையார் குளத்தைப் பார்த்திருக்கிறார். குளம் என்றால் அதில் கொக்கு மேயும், அது யாருடைய கண்ணீர் என்று கொக்குக்குக் கவலை கிடையாது. அவ்வளவு பெரிய துக்கத்தின் நடுவில் ஒரு பறவை நிதானமாகத் தன் இரையைத் தேடிக்கொண்டிருக்கிறது. புளுகு அங்கேதான் நிஜமாகிறது. பையன் யோசித்துவிட்டு அந்தக் கவிதையை எடுத்துவிட்டார். அவருடைய தொகுப்பில் ஒரு பக்கம் குறைந்தது. எனக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்.

எதிர்க்கோடியில் இருப்பது 167, கூடலூர் கிழார் பாட்டு. கற்பனை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவேண்டும்.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதுஎனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே

கெட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்தச் சேலையைத் துவைக்கவில்லை, அதையே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. கிண்டிக் கிளறிச் செய்த புளிக்குழம்பு. மோர்க்குழம்பு என்றே பலரும் சொல்வார்கள். கணவன் 'நன்றாக இருக்கிறது' என்று சாப்பிட்டான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. முடிந்தது.

புதுப்பெண்ணுடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்வதாகப் பாட்டு. என் ரேஷன் வரிசைக் கவிஞர் எழுதியதைப் போலவே இதிலும் நடந்தது மட்டும்தான் இருக்கிறது. பிறகு எங்கே வித்தியாசம்? யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதில். தாய் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே அவள் சந்தோஷமாக இருக்கிறாளா? அந்தக் கேள்வி பாட்டிலேயே இல்லை. செவிலி அதற்கு நேராகப் பதிலும் சொல்லவில்லை. கறைபட்ட சேலையைச் சொல்கிறாள், புகையைச் சொல்கிறாள். வேலைக்காரர்கள் சூழ வளர்ந்த பெண் சேலை மாற்ற நேரமில்லாமல் அடுப்படியில் நிற்கிறாள் என்று கேட்டதும் தாய்க்கு மனசு பதறியிருக்கும். அந்தப் பதற்றத்துக்குப் பிறகுதான் கணவன் சொன்ன அந்த ஒற்றைச் சொல் வருகிறது, பெண்ணின் முகம் வருகிறது. 'நுண்ணிதின்' என்பதைக் கவனியுங்கள். மற்றவர் கண்ணுக்குப் படாத அளவு மகிழ்ச்சி, வளர்த்தவளுக்குத்தான் தெரியும். இந்த ஏற்பாடு முழுக்கக் கவிஞர் செய்தது. தயிரை அவர் உண்டாக்கவில்லை, தயிரை எந்த இடத்தில் சொல்வது என்பதை உண்டாக்கினார்.

ஓய்வு பெற்ற அந்தப் பெரியவரிடம் இந்தப் பாட்டைக் கொடுத்து, "உங்க ரேஷன் வரிசையை யார் யார்கிட்ட சொல்றாங்க சார்?" என்று கேட்டேன். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு கவிதையோடு வந்தார். வரிசையில் நிற்கிற மனைவி, வீட்டில் படுத்திருக்கும் கணவனிடம் செல்போனில் பேசுவது போல. அதில் ரேஷன் கடையைப் பற்றி ஒரு குறையும் இல்லை. நன்றாக இருந்தது.

நாற்பதாம் பாட்டைச் சொல்லாமல் குறுந்தொகை மதிப்புரை எழுதினால் அடிக்க வருவார்கள். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் அச்சகத்திலேயே கல்யாணப் பத்திரிகையில் 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று எத்தனை முறை அடித்திருக்கிறேனோ. அடித்து அடித்து அந்த வரியே தேய்ந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். புதுக்கோட்டை மண் செம்மண். முதல் மழைக்கு வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் இந்த உவமைக்கு உரை தேவைப்படாது. ஆனால் என் மெஷின் ஆபரேட்டர் ஒரு போடு போட்டார்: "கலந்தது கலந்ததுதானா? குடத்துல ஊத்தித் தேற்றாங்கொட்டையைத் தேச்சா மண்ணு அடியில தங்கிடுமேண்ணே." சரியான கேள்வி. அவர் ஊரில் ஊருணித் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை போட்டுத்தான் தெளிய வைப்பார்கள்.

அன்றைக்குப் பாட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உன் தாயும் என் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நீயும் நானும் எப்படி அறிந்துகொண்டோம் என்று கேட்டுவிட்டுத்தான் அந்தத் தண்ணீர் வருகிறது. பாட்டுக்கு மேலே உள்ள குறிப்பின்படி, பிரிந்துவிடுவானோ என்று அவள் பயந்ததைப் பார்த்து அவன் சொன்னது. வானத்திலிருந்து விழுந்த நீரும் கீழே கிடந்த மண்ணும் அந்தக் கணம்வரை ஒன்றையொன்று அறியாதவை. பாட்டு பேசுவது விழுந்து கலக்கிற அந்த நேரத்தைப் பற்றி. கலந்தன என்கிறான், பிரியவே பிரியாது என்று எழுதிக் கொடுக்கவில்லை. ஆபரேட்டரின் தேற்றாங்கொட்டை பாட்டைக் கெடுக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டிக் கொடுத்தது. நல்ல கவிதைக்கு இப்படி ஒரு சோதனை வைக்கலாம் என்று அதன்பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன்: அந்தப் பொருளோடு தினமும் புழங்குகிறவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது. வயல் கவிதையை வயல்காரரிடமும் அடுப்படிக் கவிதையை வீட்டிலும் கொடுப்பேன். நிறைய அங்கேயே விழுந்துவிடும்.

இந்தச் சோதனையின் பழைய கதைதான் நக்கீரர் கதை. இரண்டாம் பாட்டு, 'கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி'. 1965இல் வந்த திருவிளையாடல் படம் புண்ணியத்தில் தருமியையும் நக்கீரரையும் தெரியாதவர் இல்லை. பெண் கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது, ஆகவே பாட்டில் பொருட்குற்றம். நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே. படமாக ரொம்பப் பிடிக்கும். நக்கீரர் பக்கம்தான் நிற்கவேண்டும் என்று சின்ன வயதில் சண்டையே போட்டிருக்கிறேன். பாட்டை முழுசாகப் படித்தால் வேடிக்கை வேறு. 'காமம் செப்பாது கண்டது மொழிமோ' என்று தலைவன் வண்டிடம் கேட்கிறான். எனக்குப் பிடித்தமாகச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல்; இவள் கூந்தலைவிட மணக்கிற பூ நீ அறிந்ததில் உண்டா? சாட்சியாகப் பிடித்திருப்பது பூந்தாது தேடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு வண்டை. விஷயம் தெரிந்த சாட்சி. கேள்வி கேட்பவனோ காதலி காதில் விழவேண்டும் என்றே கேட்கிறான். வண்டு பதில் சொல்லாது என்பதும் அவனுக்குத் தெரியும். உண்மையை மட்டும் சொல் என்ற வற்புறுத்தலே இங்கே முகஸ்துதியாகிவிட்டது. கூந்தலில் மணம் உண்டா இல்லையா என்று ஆராய்ந்த கதை நக்கீரர் தப்பான இடத்தில் கைவைத்தார் என்பது என் தீர்ப்பு. அவர் பார்த்திருக்கவேண்டியது வண்டை. வண்டில் குற்றம் இல்லை.

அப்புறம் பெயர்கள். பாடிய புலவர்கள் 205 பேர். சில பேருடைய சொந்தப் பெயர் தொலைந்துபோய், அவர்கள் எழுதிய உவமையே பெயராக நின்றுவிட்டது: செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார், விட்ட குதிரையார், கல்பொரு சிறுநுரையார். தன் பெயரை அட்டையில் எந்த சைஸில் போடுவது என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுவதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். இந்தப் பெயர்களில் நிலாவும் இல்லை, தேவதையும் இல்லை. கோழி, அணில், தூண்டில், நுரை.

மீனெறி தூண்டிலார் பாட்டில் (54) காட்டு யானை மூங்கிலை வளைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. தினைப்புனக் காவல்காரர் விட்ட கவண் சத்தத்தில் பயந்து பிடியை விட, மூங்கில் விசுக்கென்று மேலே போகிறது, மீன் மாட்டியதும் இழுத்த தூண்டில்போல. அப்படிப்பட்ட நாட்டுக்காரனோடு என் அழகும் போய்விட்டது என்கிறாள். கைவிட்டது யார், கைவிடப்பட்டது எது என்று அவள் வாய் திறந்து சொல்லவேண்டிய அவசியமே இல்லை, மூங்கில் சொல்லிவிட்டது. குப்பைக்கோழியார் (305) இன்னும் மோசமான ஆள். சேவல் சண்டை என்றால் விடுகிறவன் இருப்பான், விலக்குகிறவன் இருப்பான். குப்பைமேட்டுக் கோழிகள் தாமாகச் சண்டை போட்டால் விட்டவனும் இல்லை, விலக்குகிறவனும் இல்லை; தானாக ஓய்ந்தால்தான் உண்டு. என் காதல் நோயும் அப்படித்தான் என்கிறாள். சேவல் சண்டையைப் பற்றித் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பும் வரும், வலிக்கவும் செய்யும்.

ஓரேருழவனாரை (131) என்னால் நடுநிலையோடு மதிப்பிட முடியாது. ஈரம் பட்ட பதத்தில் நிலம் காத்திருக்க, ஒரே ஏர் வைத்திருக்கிற உழவன் படுகிற அவசரம். எங்கள் அப்பாவுக்கு ஒரு ஜோடி மாடுதான், நிலம் வானம் பார்த்த பூமி. மழை பெய்த மறுநாள் அவரோடு யாரும் பேச முடியாது. இன்றைக்கு வாடகை டிராக்டர் வந்துவிட்டது. இப்போது அவசரம் டிராக்டருக்குப் போன் போடுவதில்.

எல்லாப் பாட்டும் இப்படி என்று சொன்னால் பொய். 401இல் ஒரு பங்கு வழக்கமான சரக்குதான். காந்தள் விரல், குவளைக் கண், மூங்கில் தோள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாலையில் பிரிந்துபோன தலைவன், கார்காலம் வந்தும் வரவில்லை என்ற புலம்பல் தொடர்ந்து படித்தால் ஒன்றோடொன்று குழம்பும். நாடகம் மட்டும் நடந்து உலகியல் வராமல் போன பாட்டுகள் அவை. ஒரு நாளைக்கு ஐந்தாறுக்கு மேல் படிக்காதீர்கள். மூன்றாம் பாட்டு, 'நிலத்தினும் பெரிதே' கூட முதல் இரண்டு வரியோடு நின்றிருந்தால் நிலத்தைவிடப் பெரிது, வானத்தைவிட உயரம், கடலைவிட ஆழம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதுதான். 'கருங்கோல் குறிஞ்சி' வந்து காப்பாற்றுகிறது. நீலக்குறிஞ்சி பூப்பது 12 வருஷத்துக்கு ஒருமுறை, மூணாறுப் பக்கம் பெரிய அளவில் பூத்தது 2018இல். அந்தப் பூவிலிருந்து தேனீ தேன் சேர்க்கிற மலை நாட்டுக்காரன் என்றதும், முன்னால் சொன்ன பெரிய பேச்செல்லாம் கறுத்த தண்டுள்ள ஒரு செடியில் வந்து நின்றுவிடுகிறது.

உரையைப் பற்றி. ஐயர் ஒவ்வொரு பாட்டுக்கும் மூலம், பாடபேதம், பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி என்று வரிசையாகக் கொடுக்கிறார். பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழைய உரை கிடைக்காமல் போன நூலுக்கு, ஏடுகளை ஒப்பிட்டு, கிட்டத்தட்ட வெறும் தரையிலிருந்து எழுப்பியது இது. 1915இல் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் முதலில் அச்சிட்டிருந்தார். ஆனால் கவிதை வாசகனாக எனக்கு வேலைக்கு ஆவது ஐயர் பதிப்புதான். காரணம் 'முடிபு' என்ற ஒரே ஒரு வரி. எட்டு வரிப் பாட்டில் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய்ச் சேர்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் விசேடவுரை. ஒப்புமைப் பகுதியைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம், அது ஆராய்ச்சிக்காரர்களுக்கு. நடை பழைய பண்டிதத் தமிழ், முதல் பத்துப் பாட்டுக்குக் கஷ்டம், அப்புறம் பழகிவிடும். யார் எப்போது சொன்னது என்று பாட்டுக்கு மேலே இருக்கிற கூற்றுக் குறிப்பை மட்டும் கடைசியில் படியுங்கள். அது பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது. முதலிலேயே படித்துவிட்டால் பாட்டு அந்த ஒரு சந்தர்ப்பத்துக்குள் அடைபட்டுப் போகும்.

இப்போது திட்டு. இவ்வளவு தடித்த புத்தகத்துக்கு ஒட்டுப் பைண்டிங் போட்டிருக்கிறார்கள். முதுகைச் சீவிப் பசை தடவி, மேலே கெட்டி அட்டையை மாட்டிவிட்டால் பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். அடிக்கடி விரிக்கிற புத்தகம் இது, அகராதி மாதிரி. என் பிரதியில் நடுவில் ஒரு கொத்துத் தாள் கையோடு வந்துவிட்டது. பதினாறு பக்க ஃபாரமாக மடித்து நூல் தையல் போட்டிருந்தால் பேரன் காலம்வரை நிற்கும். பிரதிக்கு ஆகிற கூடுதல் செலவு வாங்குகிறவர் கண்ணில்கூடப் படாது. அச்சும் பழைய பதிப்பை ஸ்கேன் எடுத்து அப்படியே அடித்தது, சில பக்கங்களில் எழுத்து ஊறிப்போய், அடிக்குறிப்பில் எண் தெரியவில்லை. பாட்டு முதற்குறிப்பு அகராதி கடைசியில் இருக்கிறது, அது நல்ல வேளை.

வாங்கலாமா என்றால், கவிதை எழுதுகிறவர்கள் வாங்கலாம். படிக்க மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு எளிய உரையோடு சின்னப் பதிப்புகள் கிடைக்கின்றன, அவை போதும். கடையில் எடுத்ததும் அட்டையைப் பார்க்காதீர்கள். முதுகின் மேல் விளிம்பைப் பாருங்கள்: தாள்கள் கொத்துக் கொத்தாக மடிந்து தெரிந்தால் தையல், ஒரே சமமாக வெட்டுப்பட்டிருந்தால் பசை. தையல் போட்ட பழைய பிரதி செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், அட்டை கிழிந்திருந்தாலும் அதையே எடுங்கள். அட்டையை நான் மாற்றித் தருகிறேன்.